சாமி மாடம் என்று ஒரு கிடங்கு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, நம் கடைக் கம்ப்யூட்டரில் சரக்கு இருப்பைத் திறந்தால் மூன்று இடங்களின் பெயர் வரும். முதலாவது கடைத்தெருக் கடை. இரண்டாவது பட்டர்வொர்த் கிளை. மூன்றாவது சாமி மாடம். அந்த மூன்றாவது கிடங்கு எந்த ரோட்டில் இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று உங்களில் ஒரு தங்கச்சி கவுண்டரில் இருக்கும் சாரதா அக்காவிடம் கேட்டதாம். அக்கா சிரித்துவிட்டு என்னைக் கேட்கச் சொல்லிவிட்டார். ஓய்வு பெற்ற மனுசனுக்கு வேறென்ன வேலை? வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்று எழுதியே கொடுக்கிறேன்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. தமிழ்ப்பள்ளி முடித்து மூன்றாம் பாரம் வரை போனேன், அதோடு சரி. காலையில் குளித்து, திருநீறு இட்டு, முருகனைக் கும்பிட்டுவிட்டு மூட்டை தூக்க வந்தவன். அவன் புண்ணியத்தில் ஸ்டோர் பொறுப்பாளனாக வேலையை முடித்தேன். அதனால் கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதை மட்டும்தான் சொல்ல வந்தேன்.

இந்த சிஸ்டம் முதன்முதலில் வந்தபோது, விற்ற கம்பெனியிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பி எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண். முக்காடு, மூக்குக் கண்ணாடி, கையில் எந்நேரமும் ஒரு மார்க்கர் பேனா. வயதில் எங்கள் எல்லோரையும்விடச் சின்னவர் என்பதால் தங்கச்சி என்றே கூப்பிட்டோம். மாடியில் அரிசி மூட்டைகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். புரிந்ததா என்று அவர் கேட்கும்போதெல்லாம் தலையாட்டினோம். எங்கள் கவனம் பாதி அவர் எழுதிய பலகையில், மீதி முதலாளி வாங்கி வைத்திருந்த கறிபாப் பலகாரத்தில்.

கிளம்பும்போது அந்தத் தங்கச்சி ஒரு விசயம் சொன்னார். இந்த சிஸ்டம் இன்று இருக்கிற மாதிரியே இருக்காது, மாறிக்கொண்டே வரும், அவ்வப்போது ஒரு காலை நேரம் ஒதுக்கினால் வந்து சொல்லித் தருகிறேன் என்றார். முதலாளி கும்பிட்டுவிட்டார்.

"கத்துக்கிட்டாச்சும்மா. இனிமே சாமான் தூக்கணும்லா."

சிஸ்டம் மாறத்தான் செய்தது. காலையில் திறந்தால் சில நாள் திரையின் நடுவே ஒரு கட்டம் வரும். புதிதாக என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். கீழே ஓகே என்று ஒரு பட்டன். லாட்டரி நம்பர் டிக்கெட் விற்க வருகிற ஆளைப் பார்ப்பதுபோல சாரதா அக்கா அந்தக் கட்டத்தைப் பார்ப்பார். படிக்காமலே ஓகேயைத் தட்டி அனுப்பிவிடுவார். அக்கா மட்டுமா? ஸ்டோரில் நான், பட்டர்வொர்த்தில் இருந்தவர்கள், எல்லோரும் அப்படித்தான். வியாபாரம் தடையில்லாமல் ஓடியது. அதனால் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்துவிட்டது என்று இருந்தோம்.

இங்கே நம் கடை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டிலும் இருக்கும். அரிசிப் பானையை வழித்துத் துடைக்க மாட்டோம், ஒரு பிடி கிடக்கும். உப்பு தீர்ந்தது, மஞ்சள் தீர்ந்தது என்று வாயால் சொல்ல மாட்டோம். கடையிலும் அதே கட்டுப்பாடு. அரிசி, உப்பு, மஞ்சள், குங்குமம், கற்பூரம், வெண்கலப் பொங்கல் பானை, இப்படி மங்கலமான சாமான் எதுவும் அடியோடு காலியாகக் கூடாது. கடைசி ஒன்றை எடுத்து, சுவரில் உயரத்தில் முருகன் படத்துக்குக் கீழே இருக்கிற மாடத்தில் வைத்துவிடுவோம். புதுச் சரக்கு வரும்வரை அதை விற்க மாட்டோம். வாடிக்கையாளர் கேட்டால் இல்லை என்று சொல்லாமல், அடுத்த கப்பலில் வருகிறது என்போம்.

கம்ப்யூட்டர் வந்த பிறகும் அதையே செய்தோம். மாடத்தில் ஒன்று இருக்கிறதல்லவா? அதனால் கணக்கிலும் ஒன்று. கோசோங் என்று பூச்சியம் போட சாரதா அக்காவுக்குக் கை வராது. "மஞ்சளுக்குப் போயி கோசோங் போடுறதாண்ணே?" என்பார். யாருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. திரையில் ஒன்று என்றால் மாடத்தில் ஒன்று என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்கு அது தெரியுமா என்று யாரும் யோசிக்கவில்லை.

ஒரு பொங்கலுக்கு முன்னால், கைப்பேசியில் ஆர்டர் எடுக்கும் வசதியை முதலாளி கேட்டு வாங்கினார். தெருவில் மற்ற கடைகளில் வந்துவிட்டது, நாம் பின்தங்கக் கூடாது என்றார். அந்தத் தங்கச்சி அப்போதும் போன் செய்து ஒரு காலை நேரம் கேட்டார். பொங்கல் கூட்டத்தில் எங்கே நேரம், பொங்கல் முடியட்டும் என்று முதலாளி தள்ளிப்போட்டார். மறுநாள் காலை திரையில் அந்தக் கட்டம் வந்தது. சாரதா அக்கா ஓகேயைத் தட்டினார்.

அந்த வருடம் இந்தியாவிலிருந்து வரவேண்டிய பாத்திரச் சரக்கு தாமதமாகிவிட்டது. வெண்கலப் பொங்கல் பானைகள் சீக்கிரமே விற்று, ஒன்றே ஒன்று மிஞ்சியது. வழக்கம்போல அதில் பச்சரிசி நிரப்பி, கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்டி, மாடத்தில் வைத்தோம். பொங்கலன்று காலையில் நம் கடை வாசல் நடைபாதையில், அந்த ஐந்தடியில், பால் பொங்க வைப்பதும் அந்தப் பானையில்தான்.

பொங்கலுக்கு முதல் நாள் மதியம் எப்படி இருக்கும் என்று இந்த வருடம் நீங்களே பார்த்திருப்பீர்கள். ஐந்தடி முழுக்கக் கரும்பு, கால் வைத்தால் மாவிலை. அந்த நெரிசலில் ஓர் அம்மா உள்ளே வந்தார். பாக்டரிச் சட்டைக்கு மேல் சால்வையைச் சுற்றியிருந்தார். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்து, வெயிலில் நடந்தே வந்திருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"அக்கா, ஆர்டர் எடுக்க வந்தேன். வெண்கலப் பானை."

சாரதா அக்கா நிமிராமலே சொன்னார். "அடுத்த கப்பல்ல வருதும்மா."

"கப்பல்லயா? பொங்கல் நாளைக்குக்கா."

அந்த அம்மா கைப்பேசியை நீட்டினார். பொருள் தயாராக இருக்கிறது, வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று நம் கடை பெயரில் தகவல். பணமும் கட்டியாகிவிட்டது. அக்கா திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

அவரை ஸ்டூலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து விவரம் கேட்டேன். மகளுக்குத் தலைப் பொங்கல். சுங்கைப் பட்டாணி ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறார். பெண் வீட்டுச் சீராக வெண்கலப் பானை வருகிறது, அதில்தான் நாளைக்குப் பொங்கல் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார். பட்டர்வொர்த்திலிருந்து சாயங்கால பஸ் பிடித்தால்தான் போய்ச் சேர முடியும். அந்த மகளுக்கு அப்பா கிடையாது. பானை வாங்குவதற்காகவே இந்த அம்மா ஓவர்டைம் பார்த்திருக்கிறார்.

"எனக்கு எங்க அம்மா வீட்டுல சீரா பானை வைக்க முடியலண்ணே. மாமியா ரொம்ப நாள் சொல்லிக் காட்டுனாங்க. அவளுக்கு அந்தப் பேச்சு வரக் கூடாது, அவ்வளவுதான்."

நான் தெருவிலுள்ள மற்றப் பாத்திரக் கடைகளுக்கெல்லாம் போன் போட்டேன். எல்லோரும் அதே கப்பலுக்குத்தான் காத்திருந்தார்கள். பட்டர்வொர்த் கிளையில் இருந்த முதலாளியைக் கூப்பிட்டேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பெரிய எவர்சில்வர் பானை ஒன்றையும் கரும்பையும் சும்மாவே கொடுத்தனுப்பச் சொன்னார். மாடத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்றார். அவர் கஞ்சர் இல்லை. சாமி காரியத்தில் பயம், எனக்கு இருந்த அதே பயம்.

ஆர்டரை ரத்து செய்யலாம் என்று பார்த்தால் எங்கே தட்டுவது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அந்தத் தங்கச்சிக்கே போன் போட்டேன். இத்தனை நாள் பயிற்சிக்கு வா என்று கூப்பிடாதவன், அவசரம் என்றதும் கூப்பிட்டேன். அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ரத்து பண்றது லேசுண்ணே. நான் சொல்ற எடத்துல ரெண்டு தட்டு தட்டுனா முடிஞ்சிரும். ஆனா ஒண்ணு கேக்குறேன், பானை இருக்கா இல்லையா?"

"இருக்கும்மா. ஆனா அது சாமிக்கு."

"அப்ப சிஸ்டம் பொய் சொல்லலையே. இருக்குன்னு நீங்க சொன்னத அது அந்த அம்மாகிட்ட சொல்லிருக்கு. விக்கிறதுக்கு இல்லன்னு அதுகிட்ட சொல்ல ஒரு வழி இருக்குண்ணே. அது வந்து ரொம்ப நாளாச்சு. வந்தப்ப எல்லாரும் ஓகே தட்டிட்டீங்க."

மறுபடி கூப்பிடுகிறேன் என்று போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அந்த அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்து நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பானையைப் பார்த்துவிட்டார். அது எங்கே இருக்கிறது, எதற்காக அங்கே இருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமிக்கு வச்சதக் கேட்டு வாங்குனா நல்லாருக்காதுண்ணே. ஒரு மண் பானை கொடுங்க. சம்பந்திகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

தம்பி தங்கைகளே, அவர் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மண் பானையைக் கட்டிக் கொடுத்து அனுப்பியிருப்பேன். அவர் விட்டுக்கொடுத்ததும்தான் என்னால் முடியவில்லை. என் சாமி பயத்தைவிட அந்த அம்மாவின் சாமி பயம் பெரிதாகத் தெரிந்தது. முருகா, நீ பார்த்துக்கொள் என்று மனசில் சொல்லிக்கொண்டு ஏணியை எடுத்தேன். முதலாளியிடம் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார். அவர் இரண்டாம் முறையும் வேண்டாம் என்ற பிறகு என்னால் கொடுக்க முடியாது.

சாரதா அக்கா ஏணிக் காலைப் பிடித்துக்கொண்டார். ஆனால் வாய் நிற்கவில்லை.

"நல்ல நாளும் அதுவுமா மாடத்தக் காலி பண்றீங்களேண்ணே. வேணாம்லா."

"காலி பண்ணலக்கா. முருகனுக்கு அரிசிதான் படைச்சோம். பானையப் படைக்கல. ஒரு தட்டக் கொண்டாங்க."

அக்காவே ஒரு பித்தளைத் தாம்பாளத்தைத் துடைத்துக் கொண்டுவந்தார். அரிசியை அதில் கொட்டி மாடத்தில் வைத்தேன். வெறும் பாத்திரத்தைக் கையில் கொடுக்கக் கூடாது என்று ஒரு பிடியைப் பானையிலேயே விட்டேன். மஞ்சள் கொத்தையும் அவிழ்க்கவில்லை. அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கினார். பானையைச் சால்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் இடுப்பில் வைத்துக்கொண்டு கரும்புக்கு நடுவே வேகமாக நடந்தார். நம் லோரி ஃபெரிக்குப் போகிற நேரம்தான். அதிலேயே ஏற்றிவிட்டோம். பஸ் கிடைத்துவிட்டது என்று பிறகு தகவல் அனுப்பினார்.

சாயங்காலம் முதலாளி திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றும்போதே அவர் கண் மேலே போனது. நடந்ததைச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தாம்பாளத்தில் இருந்த அரிசியை அண்ணாந்து பார்த்தார். வேலை போனாலும் போகட்டும் என்று நான் நின்றேன்.

"சரி, நாளைக்கு எதுல பொங்க வைக்கிறது?"

அவ்வளவுதான் கேட்டார். புதுப் பானை எதையாவது எடுக்கலாம் என்று தேடினால், கடைசி நேரக் கூட்டத்தில் எவர்சில்வரும் மண் பானையும்கூட விற்றுத் தீர்ந்திருந்தன. இப்போது நானே தீர்ந்தது என்று எழுதிவிட்டேன், சாரதா அக்கா மன்னிக்கட்டும். மிஞ்சியது ஆட்களுக்குத் தேத்தண்ணி போடுகிற அலுமினியச் சட்டி. ஒரு பக்கம் நசுங்கிச் சப்பை, கைப்பிடியில் கம்பி கட்டியது. அக்கா அதைப் புளி போட்டுத் தேய்த்துக் குங்குமம் வைத்தார்.

மறுநாள் காலை ஐந்தடியில் அந்தச் சட்டியை ஏற்றினோம். பக்கத்து நகைக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன முதலாளி, இந்த வருசம் பொங்கலா தேத்தண்ணியா?" என்று கேட்டார். முதலாளி திரும்பி, "ரெண்டும்தான், நீங்க கப்பு கொண்டாங்க" என்றார். சுற்றுப்பயணிகள் நாலைந்து பேர் இதுதான் நம் ஆதி வழக்கம் என்று நினைத்துக்கொண்டு சப்பைப் பக்கமாகவே போட்டோ எடுத்தார்கள். பால் பொங்கியது. குறை இல்லாமல், நான்கு பக்கமும் வழிந்து பொங்கியது. அந்த நேரம் பார்த்து என் கைப்பேசியில் அந்த அம்மா அனுப்பிய படம் வந்தது. சுங்கைப் பட்டாணி வீட்டு வாசலில் நம் பானை நுரை தள்ளி நிற்கிறது, மஞ்சள் கொத்து அப்படியே இருக்கிறது. பக்கத்தில் மகளும் மாமியாரும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். முதலாளி என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, நகைக் கடைக்காரர் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினார்.

அதன் பிறகு முதலாளியே போன் போட்டு அந்தத் தங்கச்சியை வரச் சொன்னார். இந்த முறை அவர் பலகையில் எதுவும் எழுதவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து, வரிசையாகக் காட்டினார். அரிசி ஒன்று, உப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று, கற்பூரம் ஒன்று. இது என்ன வேண்டுதலா என்று கேட்டார். சாரதா அக்கா தயங்கித் தயங்கிக் காரணத்தைச் சொன்னார். படித்த பிள்ளை சிரித்துவிடும் என்று நாங்கள் நினைத்தோம்.

"எங்க உம்மாவும் அரிசி தீந்துருச்சுன்னு சொல்ல மாட்டாங்கக்கா. அத மாத்த வேணாம். சிஸ்டத்துக்கும் சொல்லிக் கொடுத்துருவோம். அந்த எடத்துக்கு நீங்க என்ன பேரு சொல்லுவீங்க?"

"சாமி மாடம்."

அவர் அப்படியே தட்டினார். விற்பனைக்கு இல்லாத இடம் என்று அதற்கு ஒரு குறி போட்டார். கடைசிச் சாமானை அந்த இடத்துக்கு மாற்றுவதைச் சாரதா அக்காவையே செய்ய வைத்தார். இரண்டாவது முறை அக்கா யாரையும் கேட்காமல் செய்தார். நாங்கள் ஓகே தட்டித் துரத்திய கட்டங்களில் இதுபோல இன்னும் என்னென்னவோ இருந்தன. பட்டர்வொர்த்துக்கு என்ன அனுப்ப வேண்டும் என்று அதுவே சொல்லுமாம். அதற்காக நான் எத்தனை போன் போட்டிருப்பேன் என்று நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

அன்றைக்குத் தொடங்கியதுதான் இப்போது நீங்கள் வருகிற புதன்கிழமை வகுப்பு. கடை திறக்குமுன் என்றால் வியாபாரம் கெடாது என்று நேரம் குறித்தவர் முதலாளி. காலைச் சாப்பாட்டுக்கு நாசி லெமாக் அவர் செலவு. சாப்பிட்டு முடித்த பிறகுதான் வகுப்பு என்று விதி போட்டவர் அந்தத் தங்கச்சி. அவருக்குக் கறிபாப் அனுபவம் இருந்தது. இன்னொரு விதியை நாங்களே போட்டோம். திரையில் புதுக் கட்டம் வந்தால், முதலில் பார்க்கிறவர் சத்தமாக எல்லோருக்கும் படித்துக் காட்ட வேண்டும். அதுவரை ஓகேயைத் தொடக் கூடாது. புரியாததைப் புதன்கிழமைக்கு எடுத்து வைக்க வேண்டும். முதலாளி இன்றைக்கும் முதல் வரிசையில் உட்காருகிறார், இன்றைக்கும் அவருக்குத்தான் சந்தேகம் அதிகம். சிரிக்காதீர்கள்.

நீங்கள் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். எங்களைவிட வேகமாகத் தட்டுகிறீர்கள். வேகமாகத் தட்டுகிற கைதான் ஓகேயையும் வேகமாகத் தட்டும். காலையில் சாமி கும்பிடுகிறோம். நேற்றுக் கும்பிட்டாச்சு, இன்றைக்கு எதற்கு என்று கேட்பதில்லை. கற்றுக்கொள்வதையும் அப்படி வைத்துக்கொள்ளுங்கள். நாம் தெரிந்துகொள்ளாமல் விட்டதற்கு விலை கொடுப்பவர் கவுண்டருக்கு அந்தப் பக்கம், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நிற்பார்.

அடுத்த வருடப் பொங்கலுக்கும் வெண்கலப் பானை சீக்கிரம் விற்றது. கடைசிப் பானையைச் சாரதா அக்கா கணக்கில் சாமி மாடத்துக்கு மாற்றினார். நான் ஏணி போட்டு மேலே வைத்தேன். இறங்கி வந்து பார்த்தபோது அக்கா திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கடை வரிசையில் பூச்சியம், அதற்குக் கீழே சாமி மாடத்தில் ஒன்று. அதை உறுதி செய்யும் பட்டனுக்கு மேல் அவர் விரல் நின்றது.

"என்னக்கா, கோசோங் போட இன்னும் கை வரலையா?"

அக்கா மாடத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு தட்டினார்.

"கீழதாண்ணே கோசோங். மேல அவருகிட்ட இருக்கு."

அப்போது வாசலில் ஒருவர் வந்து வெண்கலப் பானை இருக்கிறதா என்று கேட்டார். கைப்பேசியில் இல்லை என்று காட்டுகிறதே, சரிதானா என்று சந்தேகம் அவருக்கு.

"சரியாத்தான் காட்டுது," என்றார் அக்கா. "அடுத்த கப்பல்ல வருது."